மூன்றில் ஒரு பங்கு வானம்

"எழுபத்திரண்டு சதுர அடி உதைக்கே, ஏட்டையா!" என்றார் ஓவர்சியர் பிச்சுமணி, அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே.

சிவனணைந்தபெருமாளின் முதுகு நனைந்துவிட்டது. ஆனி மாதத்துக் குற்றாலத்தில் சாரல் எந்நேரமும் விழும்தான். ஆனால் அவர் நின்றது கூரைக்கு அடியில். முப்பது வருஷம் போலீஸில் இருந்து ஹெட் கான்ஸ்டபிளாக ஓய்வு பெற்றவர். எத்தனையோ பேரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டவர். இன்றைக்கு அவருடைய சொந்த வீட்டுப் புறவாசலில் அவரையே ஒருத்தர் நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறார். எல்லாம் நேரம்.

"என்ன உதைக்குன்னு சொல்லுதிய?"

"மனையில மூணுல ஒரு பங்கு காலியாக் கெடக்கணும். அண்ணாந்தா வானம் தெரியணும். அதுதான் சட்டம். நீங்க கையெழுத்து வாங்கின ப்ளான்ல இந்த அடுக்களையே இல்லையே! ஒம்பதுக்கு எட்டு, எழுபத்திரண்டு. பத்து நாள் டயம் தாரேன், இடிச்சிருங்க."

"இங்கன இத்தனை வீடு இருக்கு. என் வீட்டை மட்டும் அளக்கணும்னு எப்படி ஐயா தோணிச்சு?"

"மனு வந்திருக்கு."

"யாரு போட்டா?"

"அதைச் சொல்லப்படாது. பக்கத்து மனைக்காரர் மந்திரமூர்த்திதான் போட்டாருன்னு நான் வெளிய சொன்னா என் வேலை போயிரும்" என்று சொல்லிவிட்டுப் பிச்சுமணி சைக்கிளில் ஏறினார். நேர்மையான மனுஷர். லஞ்சம் வாங்க மாட்டார். வாயை அடக்கவும் மாட்டார்.

அந்த அடுக்களையின் கதை இதுதான். ப்ளானில் ஒரு மூலையில் நாலுக்கு நாலு என்று அடுக்களை போட்டிருந்தது. அஸ்திவாரம் தோண்டும்போது ஏட்டையாவின் சம்சாரம் ஆவுடைத்தாய் வந்து பார்த்தாள். "இது அடுக்களையா, லாக்கப்பா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அவளும் இருபத்தாறு வருஷம் ஒன்பது ஊர்ப் போலீஸ் லைன் வீடுகளில், ஒழுகுகிற கூரைக்குக் கீழே, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சோறு பொங்கியவள். புறவாசலில் கோலப்பொடியால் ஒரு சதுரம் போட்டாள். கிழக்கே அடுப்பு, மேற்கே மலையைப் பார்த்து ஒரு சன்னல். "வீட்டை எப்படி வேணும்னாலும் கட்டிக்கிடுங்க. இது என்னுது" என்றாள். ஏட்டையா ப்ளானை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். அடுக்களை எழும்பியது.

இப்போது சன்னலுக்கு உள்ளிருந்து குரல் வந்தது.

"எல்லாம் காதுல விழுந்தது. அடுக்களை மேல ஒரு கடப்பாரை பட்டுது, நான் இலஞ்சியில எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் அந்த வானத்தப் பாத்துக்கிட்டே பட்டினி கெடங்க."

அவள் சொன்னதைச் செய்கிறவள். ஏட்டையா பயந்துபோனார். பட்டினியை நினைத்து அல்ல. அந்த அடுக்களைக்குள் அவள் முதல் நாள் பால் காய்ச்சியபோது சிரித்த சிரிப்பை அவர் கலியாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

வீட்டைக் கட்டிய கொத்தனார் வடகரை முகம்மது கனியைக் கூப்பிட்டு அனுப்பினார். கனி வந்து அடுக்களையைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார்.

"வானம் தெரியணும், அம்புட்டுத்தானே? கூரை ஓட்டைப் பிரிச்சிட்டா வானம் தெரியும்லா! அவுக வந்து பாத்துட்டுப் போனதும் திரும்ப மாட்டிருவோம்."

ஏட்டையாவுக்கு உயிர் வந்தது. அன்று மத்தியானமே ஓடு இறங்கியது. ஆவுடைத்தாய் ஒரு கையில் கரண்டியும் மறு கையில் குடையுமாகச் சமைத்தாள். குழம்பு கொதிக்கக் கொதிக்கச் சாரல் விழுந்து அளவு கூடிக்கொண்டே போனது. மாட்டிவிடப்போகிற ஓடு நனைந்து பாசி பிடிக்கக் கூடாதே என்று ஏட்டையா புறவாசலில் நாலு கம்பை நட்டு, தென்னங்கீற்று வேய்ந்து, அதற்குக் கீழே ஓட்டை அடுக்கி வைத்தார். ஒழுங்கு தெரிந்த மனுஷர்.

பிச்சுமணி வந்தார். அடுக்களைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தார். கண்ணாடியில் துளி விழுந்தது.

"கூரை போயிட்டு, சரி. சுவரு நிக்கே! ஆள் உயரத்துக்குச் சுவரு இருந்தா அது கட்டடம்தான். எழுபத்திரண்டு அப்படியே இருக்கு." பிறகு புறவாசலைப் பார்த்தார். "அது என்ன கொட்டகை?"

"ஓடு நனையாம இருக்க..."

நாடா நீண்டது. "எட்டுக்கு அஞ்சு, நாப்பது. ஆக நூத்திப் பன்னிரண்டு உதைக்கு, ஏட்டையா."

சிவனணைந்தபெருமாள் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "காலியிடம் காலியிடம்னு சொல்லுதியளே, அதுல என்னதான் இருக்கலாம் ஐயா? ஒரு செடி? ஒரு கல்லு?"

பிச்சுமணிக்கு இரக்கம் பிறந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. "கூரை இல்லாம வானம் பாத்துக் கெடக்கது எல்லாமே காலியிடம்தான். துளசிமாடம் இருக்கலாம், தொட்டி இருக்கலாம், கிணறு இருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏட்டையா மெதுவாக எழுந்தார். அடுக்களையைப் பார்த்தார். கனியைப் பார்த்தார். கனியும் அவரைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அது தோன்றிவிட்டது.

மூன்றே நாளில் வேலை முடிந்தது. கொட்டகை போயிற்று, ஓடு கட்டிலுக்கு அடியில் போயிற்று. அடுக்களைச் சுவர் மார்பளவுக்கு இறங்கியது. மலையைப் பார்த்த சன்னலும் அதோடு போயிற்று. வாசலை அடைத்து, நாலு மூலையையும் செங்கல் வைத்து உருட்டி, வட்டமாக்கி, மேலே இரண்டு தூண் நட்டு, குறுக்கே ஒரு கட்டை போட்டு, கப்பியும் கயிறும் வாளியும் தொங்கவிட்டார்கள். அசல் கிணறு. ஒரு குறைதான். ஆறு அடி தோண்டினால் தண்ணீர் வருகிற அந்த ஊரில் இந்தக் கிணற்றுக்குள் தரை போட்டு, அடுப்பு வைத்து, அஞ்சறைப் பெட்டியும் இருந்தது.

ஆவுடைத்தாய் ஏணி வழியாக இறங்கினாள்.

"இருபத்தாறு வருஷம் லைன் வீட்டுல போட்டிய. இப்பக் கெணத்துல இறக்கிட்டிய. அடுத்தாப்புல என்ன?"

"ஏட்டி, நாலே நாள் பொறு. வீடு சட்டப்படி இருக்குன்னு ஓவர்சியர் சர்ட்டிபிகேட்டு தந்ததும் சுவரை ஏத்தி, பழையபடி சன்னல் வச்சுத் தாரேன்."

"மலை தெரியுத மாதிரி?"

"மலை தெரியுத மாதிரி."

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். பிச்சுமணி அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் மணி அடித்தார்.

"கிணறு வெட்டிட்டியளா! நல்ல காரியம்" என்று நாடாவோடு நெருங்கியவரை ஏட்டையா கையை விரித்து மறித்தார்.

"பக்கத்துல போகாதிய ஐயா, கைப்பிடிச்சுவர் ஈரம். சிமெண்டு காயலை."

பிச்சுமணி தூரத்திலேயே நின்றார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஏட்டையா, கெணத்துல இருந்து புகை வருதே?"

போலீஸ்காரர் ஒருத்தர் சட்டென்று பொய் சொல்ல வேண்டி வந்தால் சொல்லிவிடுவார். ஆனால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசிக்க அவருக்கு நேரம் கிடைக்காது.

"புகை இல்லை ஐயா, ஆவி. வெந்நீர் ஊத்து! மலையில இருந்து வாரது."

"அப்படியா! மூலிகைத் தண்ணியால்லா இருக்கும்!" பிச்சுமணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எனக்கு முழங்கால் வலி கெடக்கு, ஏட்டையா. ஒரு நாளைக்கு வாரேன்."

இதுவரைக்கும் சரி. ஆனால் அவர் வாயை அடக்க மாட்டார் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா? மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ஏட்டையா கதவைத் திறந்தால், வாசலில் நாற்பது பேர் நிற்கிறார்கள். சீசனுக்கு வந்த கூட்டம். தலையில் எண்ணெய் ஒழுக, இடுப்பில் துண்டோடு, வரிசையில் நிற்கிறார்கள். மெயினருவியில் கூட்டமாம், தண்ணீரும் குளிராம், இங்கே வெந்நீர் வருகிறதாமே!

"ஏட்டையா, ஆளுக்கு ஒரு வாளி போதும்!"

"எனக்கு வாதம். எனக்கு முதல்ல!"

"போங்க, போங்க! இது என்ன குளிக்கிற கெணறா?" என்று ஏட்டையா பழைய லத்தியை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். சுத்தமாக எடுபடவில்லை. "குடிக்கிற கெணறாம்!" என்று கூட்டம் செம்பு தேடி ஓடியது.

உள்ளே, கிணற்றுக்குள், ஆவுடைத்தாய் மூச்சுக் காட்டாமல் சொதி வைத்துக்கொண்டிருந்தாள். தேங்காய்ப்பால் கொதிக்கிற வாசம் சுவரைத் தாண்டி வந்தது. "ஆகா, என்ன மூலிகையோ!" என்றார் வரிசையில் நின்ற ஒருத்தர்.

கூட்டம் கூடுகிறது என்றால் சுகாதார ஆபீஸுக்குத் தெரியாமல் இருக்குமா? சீசன் வந்தால் காலரா பயம். ஊரில் ஒரு கிணறு விடாமல் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். புதுக் கிணறு ஒன்று கணக்கில் வராமல் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும், தாணு என்கிற ஊழியர் இரண்டு வாளி பவுடரோடு புறவாசல் வழியாகவே வந்துவிட்டார். ஏட்டையா முன்வாசலில் லத்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

பவுடர் நெடி மூக்கில் ஏறும் என்பதால் தாணு எப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கொட்டுவார். அன்றும் அப்படியே திருப்பிக்கொண்டார். ஒரு வாளி முழுவதையும் சுவருக்கு மேலே தூக்கிக் கவிழ்த்தார்.

கிணற்றுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் அவருடைய ஏழு தலைமுறையையும் வரிசையாகக் கூப்பிட்டது.

தாணு திரும்பினார். தலை முதல் மார்புவரை வெள்ளை வெளேர் என்று, கையில் கரண்டியோடு, புகைக்கு நடுவே ஒரு உருவம் கிணற்றிலிருந்து எழும்பி நின்றது.

"ஆத்தா! தாயே!" என்று தாணு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். சத்தம் கேட்டுப் புறவாசலுக்கு ஓடிவந்த நாற்பது பேரில் பாதிப்பேர் விழுந்தார்கள், மீதிப்பேர் ஓடினார்கள். ஓடினவர்களில் ஒருத்தர் வழியில் வந்த பிச்சுமணியின் சைக்கிள் மீதே மோதினார்.

பிச்சுமணி வந்து எட்டிப் பார்த்தார். சிமெண்டு காய்ந்து போயிருந்தது. அடுப்பைப் பார்த்தார், அம்மியைப் பார்த்தார், ஆவுடைத்தாயைப் பார்த்தார். அவருக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

"முழங்காலுக்குன்னு நல்லெண்ணெய் வேற தேச்சிட்டு வந்தேன், ஏட்டையா."

"மன்னிச்சிருங்க ஐயா."

"இனி என்னால ஒண்ணும் செய்ய முடியாது. வெள்ளிக்கிழமை ஆளுகளோட வந்து நானே இடிப்பேன். ஒரே ஒரு வழிதான் இருக்கு. பக்கத்து மனையில இருந்து மூணு அடி அகலத்துக்கு ஒரு துண்டு விலைக்கு வாங்குங்க. உங்க மனை பெருசாயிரும், கணக்கு சரியாயிரும், அடுக்களை நிக்கும்."

பக்கத்து மனை மந்திரமூர்த்தியுடையது. தென்காசி ரதவீதியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். அந்த வரிசையில் இருந்த நாலு மனையில் ஏட்டையா வாங்கியது இரண்டாம் நம்பர், அவர் வாங்கியது மூன்றாம் நம்பர். அது இன்னும் வெறும் மண்ணாகத்தான் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பக்கம் வீடு எழும்பியது அவருக்குக் கண்ணைக் கரித்தது. பழைய கணக்கும் ஒன்று இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால், விளக்கில்லாமல் சைக்கிளில் வந்த அவரைப் பிடித்து, இரண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கி, வீடுவரை தள்ளிக்கொண்டே போகவைத்தவர் ஏட்டையா.

"மூணே அடி, அண்ணாச்சி. என்ன விலை சொன்னாலும் சரி" என்று கடையில் போய் நின்றார்.

மந்திரமூர்த்தி ஒரு குத்துப்போணியைத் துடைத்து வைத்தார். "விலை எல்லாம் ஊர் விலைதான், ஏட்டையா. ஆனா அன்னைக்கு எனக்கு விளக்கு இல்லாமப் போச்சுல்லா? நாளைக்கு நான் சைக்கிள்ல நாலு ரதவீதியும் சுத்தப்போறேன். நீங்க அரிக்கேன் விளக்கைப் பிடிச்சுக்கிட்டு முன்னால ஓடணும். பகல் பன்னிரண்டு மணிக்கு."

"பகல்ல என்னத்துக்கு விளக்கு?"

"ராத்திரின்னா யாரு பாப்பா?"

ஏட்டையா வீட்டுக்கு வந்தார். ஆவுடைத்தாய் கூரையில்லாத வட்டச் சுவருக்குள் நின்று, தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு, அணைந்துபோன அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அவர் நேரே வீட்டுக்குள் போனார். அரிக்கேன் விளக்கை எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தார்.

மறுநாள் தென்காசியே வேலையை விட்டுவிட்டு ரதவீதிக்கு வந்தது. உச்சி வெயிலில் எரிகிற விளக்கோடு முன்னாள் ஹெட் கான்ஸ்டபிள் ஓட, பின்னால் மந்திரமூர்த்தி மணியடித்துக்கொண்டே வந்தார். வேண்டுமென்றே மெதுவாக மிதித்தார்.

"ஏட்டையா, என்ன தேடுதிய?"

"பந்தோபஸ்து!" என்று சொல்லிவிட்டு அவர் ஓடினார். வெட்கத்தில் முகம் விளக்கைவிடச் சிவந்திருந்தது. ஆனாலும் நிற்கவில்லை. நாலாவது வீதியில் செருப்பு அறுந்தது. வெறுங்காலோடு ஓடி முடித்தார்.

செய்தி அவருக்கு முன்னால் குற்றாலத்துக்குப் போய்விட்டது. காலில் கொப்புளத்தோடு வந்தவரைக் கண்டதும் ஆவுடைத்தாய்க்கு அழுகை பொங்கிவிட்டது.

"ஒரு அடுக்களைக்காகவா இந்தக் கோலம்? இடிச்சாத்தான் என்ன? நான் முத்தத்துல கல்லைக் கூட்டி வச்சுப் பொங்கிட்டுப் போறேன்."

"நீ பொங்குவ. எனக்குத்தான் இறங்காது" என்றார் ஏட்டையா. அவள் காலுக்கு எண்ணெய் தடவினாள். இலஞ்சிப் பேச்சு அதற்குப் பிறகு எழவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை எல்லாரும் மனையில் கூடினார்கள். துண்டை அளந்து கல் நடவேண்டும் என்பதால் சர்வே ஆபீஸிலிருந்து சங்கிலிப்பாண்டி என்கிற அளவு ஊழியர் சங்கிலியும் படமுமாக வந்திருந்தார். வெற்றிலை வாயோடு யாரிடமும் அதிகம் பேசாத ஆள். அவர் வேலையைத் தொடங்குமுன் மந்திரமூர்த்தி தொண்டையைக் கனைத்தார்.

"துண்டை வித்துத்தாரது தாரதுதான். சொன்ன சொல் மாறமாட்டேன். ஆனா இத்தனை நாள் சட்டத்தை மீறிக் கட்டி வச்சிருந்ததுக்கு அபராதம் உண்டா, இல்லையா ஓவர்சியர்வாள்?"

"உண்டுதான்" என்றார் பிச்சுமணி தயங்கித் தயங்கி. "பெரிய தொகை. யோசிச்சுச் சொல்லுங்க. பாவம், மனுஷன் விளக்கெல்லாம் பிடிச்சிருக்காரு."

"அது வேற, இது வேற. சட்டம்னா சட்டம். கட்டடம் எவன் மனையில நிக்கோ, அந்த மனைக்காரன் சல்லி பாக்கியில்லாமக் கட்டணும். எழுதுங்க, நானே சாட்சிக் கையெழுத்துப் போடுதேன்."

பிச்சுமணி எழுதினார். 'மேற்படி கட்டடம் அமைந்துள்ள மனையின் சொந்தக்காரரிடம் அபராதம் வசூலிக்கவும்' என்று முடித்து, மனை நம்பருக்கு மட்டும் இடம் விட்டார். சங்கிலி போட்டு அளந்த பிறகுதானே நம்பர் எழுதவேண்டும். மந்திரமூர்த்தி சந்தோஷமாக, அடியில் கோடு இழுத்து, கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டார். ஏட்டையா தலையைக் குனிந்துகொண்டார். துண்டுக்கே கைச்சேமிப்பு காலியாகிவிட்டது. அபராதமும் சேர்ந்தால் வீட்டையே விற்கவேண்டியதுதான்.

சங்கிலிப்பாண்டி படத்தை விரித்துப் பார்த்தார். பிறகு சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு கிழக்கே வரிசைக் கடைசிக்கு நடக்க ஆரம்பித்தார்.

"ஏலே, அங்கன எங்க போற?" என்று கூப்பிட்டார் ஏட்டையா. "மேற்க, அருவிப் பக்கத்துல இருந்துல்லா எண்ணணும்! வித்தவன் அப்படித்தானே எண்ணிக் காட்டினான்."

"நம்ம ஊர்ல கடை, சத்திரம், வீடு எல்லாத்தையும் அருவியில இருந்துதான் எண்ணுவோம், வாஸ்தவம். ஆனா படம் போட்டவன் மெட்ராஸ்காரன்லா. ரயில்ல வந்து எறங்கி, தென்காசிப் பக்கத்துல இருந்து ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டுக்கிட்டே வந்திருக்கான்."

பிச்சுமணி படத்தைப் பிடுங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மந்திரமூர்த்தியின் கை, தான் கையெழுத்துப் போட்ட காகிதத்தைத் தேடி மெதுவாக நீண்டது. பிச்சுமணி அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஆவுடைத்தாய் கிணற்றுக்குள்ளிருந்து எழும்பி நின்று பார்த்தாள்.

சங்கிலிப்பாண்டி வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு, ஏட்டையாவின் வாடிப்போன முகத்தைப் பார்த்து, ஆறுதலாகச் சொன்னார்:

"என்னத்துக்கு வெசனப்படுதிய, ஏட்டையா? உங்க மனையில மூணுல ஒரு பங்கு என்ன, மூணு பங்குமே வானம் பாத்துத்தான் கெடக்கு. வீடு நிக்கது மந்திரமூர்த்தி அண்ணாச்சி மனையிலல்லா!"